ஆறாத வீடு

வெயில் மண்டையைப் பிளக்கிற காலத்தில் ஒரு மனுஷன் தினமும் காலையில் தடித்த ஸ்வெட்டரை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனால் தெரு சும்மா இருக்குமா? அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. தெருவில் யாரும் அதைக் கேட்டுக்கொண்டதில்லை. ஸ்வெட்டர்காரர் என்று சொன்னால் போதும், பச்சைப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும். முனைக் கடைக்காரர் வாரத்தில் பாதி நாள், "என்ன அண்ணே, இன்னைக்கும் பனி கொட்டுதா?" என்று கேட்பார். அண்ணன் அதை அப்போதுதான் முதல் தடவை கேட்பதுபோல் சிரித்து வைப்பார். அவ்வளவு சாது.

அவருக்கு வேலை ஊருக்கு வெளியே இருந்த ஒரு கோல்டு ஸ்டோரேஜில். கதவுக்கு இந்தப் பக்கம் ஊரே வெந்துகொண்டிருக்கும். அந்தப் பக்கம் வாயைத் திறந்தால் புகை வரும். மீன் பெட்டி, பட்டாணி மூட்டை, ஐஸ்கிரீம் அட்டை என்று வருவதை அடுக்க வேண்டும். லாரி வந்தால் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஸ்வெட்டர், அதற்கு மேல் கம்பெனி கொடுத்த கோட்டு, காதை மூடிய குல்லா, கையில் இரண்டடுக்கு உறை. தொங்குகிற பிளாஸ்டிக் பட்டைகளை விலக்கிக்கொண்டு உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நின்றால் கண் இமை முடிகள் ஒன்றோடொன்று ஒட்ட ஆரம்பிக்கும். அடிக்கடி வெளியே வந்து உட்கார்ந்து உடம்பைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். வாசலில் லாரிக்காரர் ஹாரனில் கை வைத்துவிட்டால் அதெல்லாம் காற்றில் பறந்துவிடும்.

சேர்ந்த புதிதில் ஒரு நாள், ஈரமாகிப்போன கையுறையை மாற்றாமல் வீம்புக்கு வேலை பார்த்தார். வெளியே வந்து உறையைக் கழற்றியபோது விரல் நுனிகள் தன்னுடையவை போலவே இல்லை. தோல் சில வாரங்களில் தேறிவிட்டது, விரல்கள் தேறவில்லை. அன்றிலிருந்து குளிரில் நின்றாலே பத்து விரலும் மெழுகுபோல் வெளுத்துப்போகும். மடக்க வராது. எலும்புக்குள் யாரோ திருகு முடுக்குகிற வலி. சூடு பட்டால்தான் அவற்றுக்கு உயிர் வரும். இந்த வேலையை விட்டுவிடு என்று சொல்ல நாலு பேர் இருந்தார்கள். வேறு வேலை தருகிறேன் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

ஆகவே அவருக்கு வீடு என்பது சொர்க்கம். வாடகை வீடுதான். மூன்று மாடி ஏறினால் மொட்டை மாடி, அதன் ஓரத்தில் சிமெண்ட் ஷீட் போட்ட ஓர் அறை, ஒட்டினாற்போல் ஒரு சமையல் மூலை. காலையில் உதிக்கிற சூரியன் முதலில் அந்த ஷீட்டில்தான் ஏறி உட்காரும். சாயங்காலம் கடைசியாக இறங்கிப் போவதும் அங்கிருந்துதான். மேற்குச் சுவர் பகல் முழுக்கக் காய்ந்து கிடக்கும். வேலை விட்டு வந்ததும் அவர் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து, இரண்டு உள்ளங்கைகளையும் பின்னால் கொண்டுபோய் அதில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொள்வார்.

"அப்பாடா! வீட்டுக்கு வந்தாத்தான் உடம்புக்கு இதமா இருக்கு," என்பார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தை தப்பியதில்லை.

அவர் மனைவி வீட்டிலிருந்தபடியே துணிக்கு ஜிகினா ஒட்டுகிறவள். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியின் மேல் பசைப் புள்ளி வைத்து, அதன் மேல் கடுகளவு மினுக்கு வட்டத்தை ஊசி முனையால் எடுத்து வைக்க வேண்டும். இந்த வேலைக்கு ஃபேன் ஆகவே ஆகாது. காற்று ஒரு சுற்றுச் சுற்றினால் ஜிகினா அத்தனையும் பறந்து அறை முழுக்கத் திருவிழா நடத்திவிடும், பசையும் காய்ந்துபோகும். எனவே பகல் முழுக்க ஃபேன் நின்றேதான் இருக்கும். அவர் வருகிற நேரத்துக்கு அவள் சட்டத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, முகம் கழுவி, புடவை மாற்றி, ஃபேனை மெதுவாகச் சுழல விட்டிருப்பாள். அவர் பார்த்தது அந்த வீட்டை.

அறையின் பகலை அவர் பார்த்ததே இல்லை என்றால் நம்ப முடியாதுதான். ஆனால் பாருங்கள், கோடை இரவுகளில் இருவரும் வெளியே மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்துவிடுவார்கள். விடுமுறை நாளிலோ, விடிந்ததும் விடியாததுமாக அவள் தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பி நிற்பாள். அது கீழ்த்தளத்து வீடு, வாசலில் மர நிழல். அக்கா தங்கை பாசம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று இவர் மெச்சிக்கொள்வார். பாசமும் இருந்ததுதான். மனுஷனுக்கு இரண்டு கண் இருந்து என்ன பயன், எதிரே இருப்பவள் வாயைத் திறந்து சொல்லாவிட்டால் ஒன்றும் தெரிவதில்லை.

அந்த வருஷத்துக் கோடை முந்தியவற்றை எல்லாம் தூக்கிச் சாப்பிட்டது. ஒரு நாள் மதியம் கோல்டு ஸ்டோரேஜின் கம்ப்ரசர் படுத்துவிட்டது. மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சரக்கை எல்லாம் வேறு கிடங்குக்கு ஏற்றி அனுப்பிவிட்டு, எல்லோரையும் சீக்கிரமே வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். ஸ்வெட்டர்காரர் அன்று வெயிலில் நின்று லாரியில் ஏற்றியவர். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. விரல்கள் வலிக்கவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போகிறோம் என்கிற குஷியில் படிகளைத் தாவி ஏறினார்.

மாடிக்கு வந்தபோது சாயங்காலக் காற்று கிளம்பியிருந்தது. கொடியில் கிடந்த துணி ஆடிற்று. கதவைத் தள்ளினார். உள்ளேயிருந்து வந்த அனல் முகத்தில் அறைந்த வேகத்தில் ஓர் அடி பின்னால் வைத்துவிட்டார். இரண்டு ஜன்னலும் சாத்தி, கொக்கி மாட்டியிருந்தது. ஃபேன் ஓடவில்லை. அவள் சட்டத்துக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தாள். கன்னத்தில் ஜிகினா ஒட்டியிருந்தது. தொட்டால் கொதித்தது, ஆனால் உடம்பில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. "சாத்திட்டேன்... சாத்திட்டேன்..." என்று உளறிக்கொண்டிருந்தாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடியும் எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. கீழே வீட்டுக்காரம்மா கூச்சல் போட்டு வண்டி பிடித்துக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் கட்டிலோடு அவளை நனைத்தார்கள். கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் பைகளை வைத்து, "அழுத்திப் பிடிங்க," என்றாள் நர்ஸ். அவர் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் விரல்கள் வெளுத்தன. பிறகு வலி மணிக்கட்டு வரை ஏறியது. "விடுங்க, நான் பிடிச்சுக்கிறேன்," என்று நர்ஸ் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் விழவில்லை. மனைவி கண் திறந்து அவரை அடையாளம் கண்டுகொண்ட பிறகுதான் அந்தக் கையை ஐஸ் பையிலிருந்து பிரித்து எடுக்க முடிந்தது.

டாக்டரம்மா அவரை வராந்தாவில் நிறுத்தி வைத்து விளாசினார். "வீட்ல ஜன்னல் இல்லையா? ஃபேன் இல்லையா? உடம்புல வேர்வையே நின்னுபோயிருக்கு. இன்னும் கொஞ்சம் தாமதமா வந்திருந்தீங்கன்னா நான் உங்ககிட்ட வேற விஷயம் சொல்லிக்கிட்டிருப்பேன். ஒரு தடவை இப்படி ஆன உடம்பு அடுத்த தடவை சீக்கிரமே விழுந்துடும். எழுந்திருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். ஒண்ணு அந்த ரூமைக் குளுமையா வைங்க. இல்ல, அவங்களை அங்க வைக்காதீங்க."

அவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. கட்டிலுக்குத் திரும்பி வந்து, "ஜன்னலை ஏம்மா சாத்தி வச்ச? வெளிய நல்லா காத்து அடிக்குதே," என்று கேட்டார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜிகினா பறந்துவிடும் என்று சாத்தியிருப்பாள் என அவராகவே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார்.

அவளை அக்கா வீட்டில் விட்டுவிட்டு வேறு வீடு தேடினார். அவர் கைக்கு எட்டுகிற வாடகையில் கீழ்த்தளம் எதுவும் சிக்கவில்லை. அக்கா வீடும் ஏற்கெனவே நெருக்கடி. சட்டத்தை விரித்து உட்கார இடம் கிடையாது. நாலு நாளில் அவளே, "வீட்டுக்குப் போலாங்க, இனிமே பாத்து இருந்துக்கிறேன்," என்று ஆரம்பித்தாள். பாத்து இருந்துக்கிறது என்றால் என்ன என்று இப்போது அவருக்குப் பயமாக இருந்தது.

ஏ.சி. வாங்கிவிடலாமா என்ற யோசனை அப்போதுதான் வந்தது. சாதாரண ஏ.சி. என்றால் சுவரைத் துளைக்க வேண்டும். வீட்டுக்காரம்மா தங்கமானவர்தான், சுவர் விஷயத்தில் மட்டும் ராட்சசி. ஓர் ஆணி அடிக்கவும் விட மாட்டார். அங்கே காலண்டர்கூட ஜன்னல் கம்பியில்தான் தொங்கியது. நகர்த்தி வைத்துக்கொள்கிற ஏ.சி. ஒன்று இருக்கிறது என்று கூட வேலை பார்க்கிற ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் சொன்னார். சொல்லிவிட்டு, "பகல் பூரா ஐஸ்ல நின்னுட்டு, சம்பளத்தைக் கொடுத்து இன்னும் கொஞ்சம் ஐஸ் வாங்கப் போறியா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஸ்வெட்டர்காரருக்கும் உள்ளூர அந்த உறுத்தல் இருந்தது. வெளியில் சொல்லவில்லை. வீட்டில் ஒருத்தி செத்துப் பிழைத்திருக்கும்போது தன் விரலைப் பற்றிப் பேச வெட்கமாக இருந்தது.

அடுத்த விடுமுறை நாளில் இருவரும் கடைக்குப் போனார்கள். டை கட்டிய விற்பனையாளர் ஒருவர், சக்கரம் வைத்த வெள்ளைப் பெட்டி ஒன்றை உருட்டிக் காட்டினார். அதன் முதுகிலிருந்து தும்பிக்கை மாதிரி ஒரு தடித்த குழாய் நீண்டிருந்தது.

"சுவத்துல கையே வைக்க வேண்டாம் சார். இந்தக் குழாயை ஜன்னல் வழியா வெளிய விட்டா போதும். ரூம்ல இருக்கிற சூட்டை எல்லாம் இழுத்து வெளிய தள்ளிடும். வீடு மாறினா உருட்டிக்கிட்டே போயிடலாம்."

"சத்தம் வருமா?"

"ஃபேனைவிடக் கொஞ்சம் கூட. சும்மா சொல்லக் கூடாது, அது இருக்கத்தான் செய்யும்."

அவள் அதுவரை பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது மெதுவாகக் கேட்டாள். "இதை நிறுத்தினா ரூம் மறுபடி சூடாக எவ்வளவு நேரம் ஆகும்?"

விற்பனையாளருக்கு உற்சாகம் பொங்கிற்று. "சூடாகவே ஆகாது மேடம்! ஜன்னல் கதவெல்லாம் நல்லா மூடியிருந்தா, நிறுத்தின பிறகும் ரொம்ப நேரம் குளிர் அப்படியே நிக்கும். அதுதான் இதோட விசேஷமே."

அவள் முகம் சுண்டிவிட்டது. "அப்ப இது வேண்டாங்க," என்று கணவரின் கையைத் தொட்டாள். "வாங்க, போலாம்."

விற்பனையாளர் திருதிருவென்று விழித்தார். தன் வாழ்நாளில் குளிர் நிற்கும் என்று சொல்லி ஒரு வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டவர் அவராகத்தான் இருப்பார்.

வெளியே வந்து கடையின் நிழலில் நின்றார்கள். ஸ்வெட்டர்காரருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. விலைக்குப் பயந்துவிட்டாளோ என்று, "கம்பெனியில அட்வான்ஸ் கேட்டிருக்கேன், கொடுத்துடுவாங்க. அதைப் பத்தி நீ நினைக்காத," என்றார்.

"அது இல்லங்க."

"பின்ன என்னதான் சொல்லேன். டாக்டரம்மா சொன்னது மறந்துபோச்சா?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "நீங்க வரும்போது வீடு சூடா இருக்கணும்ல. அந்த விரலோட வந்து குளுந்த ரூம்ல எப்படி உக்காருவீங்க? சாயங்காலம் வெளிய காத்து வர ஆரம்பிச்சிடும். ஜன்னல் திறந்திருந்தா நீங்க வர்றதுக்குள்ள வீடு ஆறிப்போயிடும். அதான் காத்து வந்ததும் சாத்திடுவேன். சாப்பாடு ஆறாம மூடி வைக்கிறதில்லையா? அந்த மாதிரிதான். அன்னைக்கும் அப்படித்தான் சாத்தினேன். எந்திரிச்சு ஃபேனைப் போடலாம்னு நினைச்சேன், முடியல."

பேருந்து ஒன்று வந்து நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போயிற்று. பகல் முழுக்க வெந்துகிடந்தவளுக்குக் காற்று என்று ஒன்று வருகிற நேரமே அந்தச் சாயங்கால நேரம்தான். அதையும் அவள் எழுந்து போய்த் தன் கையாலேயே சாத்திக்கொண்டிருக்கிறாள், வருஷக்கணக்காக. சுவரில் சாய்ந்துகொண்டு அவர் அலுப்பில் சொன்ன ஒரு வார்த்தைக்காக. தன் வாயிலேயே போட்டுக்கொள்ள வேண்டும் போலிருந்தது அவருக்கு.

"நான் சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேம்மா," என்றார்.

"சும்மா சொல்லலைங்க. விரல் மெல்ல மெல்லச் சிவந்து வர்றதை நான் தினமும் பாத்துக்கிட்டுத்தானே இருப்பேன். வெளிய உங்களுக்கு அது எங்க கிடைக்கும்?"

"உனக்கு ஒண்ணு ஆகியிருந்தா அந்தச் சூட்டை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணியிருப்பேன்? யார்கிட்டப் போய் உக்காந்திருப்பேன்?" தெருவில் நிற்கிறோம் என்பதை மறந்து உரக்கக் கேட்டுவிட்டார். "எனக்கு ஒரு வாளி வெந்நி போதும், கையை முக்கிக்கிறேன். உனக்கு அது போதுமா?"

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி கடைக்குள் நுழைந்தார். விற்பனையாளர் இந்தத் தடவை புத்திசாலித்தனமாக வாயைத் திறக்கவே இல்லை.

மறுநாள் பெட்டியை மேலே ஏற்றுவதற்குள் இரண்டு ஆட்களுக்கு நுரை தள்ளிவிட்டது. வீட்டுக்காரம்மா கூடவே ஏறி வந்து, சுவரில் ஆணி விழவில்லை என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் இறங்கிப் போனார். சிறிய ஜன்னலில் பிளாஸ்டிக் அட்டை வெட்டி அடைத்து, நடுவில் வட்டம் போட்டு, அதில் குழாயைச் செருகினார்கள். குழாயின் வாய் மொட்டை மாடியைப் பார்த்து நின்றது. ஏ.சி.யின் காற்று மேல்நோக்கியே வீசும்படி வைத்ததில் ஜிகினா பறக்கவில்லை. அவள் ஒரு துண்டுத் துணியில் ஒட்டிப் பார்த்துச் சரி என்றாள்.

அதற்கடுத்த நாள் அவர் வேலைக்குப் போனார். கம்ப்ரசரைச் சரி செய்துவிட்டிருந்தார்கள்; வேறு கிடங்குக்குப் போயிருந்த சரக்கு எல்லாம் ஒரே நாளில் திரும்பி வந்தது. லாரிக்கு மேல் லாரி. வெளியே வந்து உட்காரவே நேரம் கிடைக்கவில்லை. சாயங்காலம் பேருந்துக் கம்பியை விரலால் பிடிக்க முடியாமல் முழங்கையை மடித்துக் கோத்துக்கொண்டு வந்தார்.

மாடிக்கு வந்து காது கொடுத்துக் கேட்டார். பெட்டி ஓடுகிற சத்தம் இல்லை. கதவைத் திறந்தார். அறை சூடாக இருந்தது. பெரிய ஜன்னல் விரியத் திறந்து, பகலெல்லாம் பெட்டி குளிர்வித்த அறைக்குள் வெயிலில் காய்ந்த மாடியின் வெக்கையை விட்டுக்கொண்டிருந்தது. அவள் புதிதாக முகம் கழுவியிருந்தாள். ஆனால் கழுத்து வேர்வையில் நனைந்து கிடந்தது.

"எப்ப நிறுத்தின?"

"இப்பதாங்க."

"பொய் சொல்லாத."

"கொஞ்ச நேரம் முன்னாடி. நீங்க வர்ற நேரமாச்சேன்னு..."

கல்யாணமானதிலிருந்து அவர் அவளிடம் குரலை உயர்த்தியதில்லை. அன்று உயர்த்தினார். "செத்துப் பொழைச்சிருக்க நீ! புரியுதா இல்லையா?" ஜன்னலை இழுத்துச் சாத்தினார். பெட்டியின் பொத்தானை அழுத்தப் போனார், விரல் மடங்கவில்லை. புறங்கை முட்டியால் இடித்து அழுத்தினார். பெட்டி முனகிக்கொண்டு கிளம்பியது. குளிர்ந்த காற்று அவர் கையில் பட்டதும் வலி முழங்கை வரை சுண்டி இழுத்தது. அவருடைய முகம் போன போக்கைப் பார்த்து அவள் பொத்தானுக்குக் கையை நீட்டினாள். அவர் அந்தக் கையை விலக்கிவிட்டார்.

"இது ஓடட்டும். நான் வெளிய இருக்கேன்," என்று சொல்லி, கதவைச் சாத்திவிட்டு மாடிக்கு வந்தார்.

கோபம், வலி, அவளிடம் கத்திவிட்டோமே என்கிற வேதனை, எல்லாம் சேர்ந்து நிற்க முடியவில்லை. சிறிய ஜன்னலுக்கு அடியில் போய்த் தரையில் உட்கார்ந்தார். தோளில் ஏதோ சுடச்சுட விழுந்தது. திரும்பிப் பார்த்தார். குழாயின் வாயிலிருந்து அனல் வந்துகொண்டிருந்தது. யோசிக்காமலே இரண்டு கைகளையும் தூக்கி அதன் முன்னால் பிடித்தார். முதலில் ஊசி குத்துகிற மாதிரி இருந்தது, பிறகு மெதுவாக வலி விட்டது. விரல் நுனிகளில் சிவப்பு ஏறியது. ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினார்.

சூடு அதிகமாகிக் கையை இழுத்துக்கொண்டார். மறுபடி நீட்டினார். அது குறையவில்லை, வந்துகொண்டே இருந்தது. உள்ளே அடுப்பு எரியவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஓர் அறை, ஒரு சட்டம், அவள். அவ்வளவுதான் உள்ளே.

கதவு திறந்தது. அவள் வந்து பக்கத்தில் நின்று அவர் விரல்களைப் பார்த்தாள். அவருடைய கண்கள் கலங்கியிருப்பதையும் பார்த்தாள்.

"இவ்வளவுமா உள்ள இருந்துச்சு?" என்று கேட்டார்.

அதெல்லாம் ஒண்ணுமில்லங்க என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். சொல்லவில்லை. அந்தக் குழாய்க்கு முன்னால் தானும் கையை நீட்டிப் பார்த்தாள்.

"ஆமாங்க," என்றாள். "என்னால தாங்கவே முடியல."

சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அனல் அவள் மேல் படாதபடி அவர் கொஞ்சம் நகர்ந்து, குழாய்க்கும் அவளுக்கும் நடுவில் உட்கார்ந்தார்.